துப்பாக்கி இருக்கும் வீட்டில் பேரப்பிள்ளைகள்



சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம் ஜமாஅத் பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். ஏல வியாபாரம் செய்தவர். மலைமேல் தோட்டம் இருந்த காலத்தில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய ரிவால்வர் இன்னும் அவரிடம் இருக்கிறது. “லீவுக்கு மக பிள்ளைகளோட வருது தம்பி. சாமான் பீரோவுல சேலைக்கு அடியில இருக்கு. சாவி என் தலையணைக்குக் கீழ. அது போதும்ல?” என்றார். “போதாது மாமு” என்று மட்டும் அப்போது சொன்னேன். காரணத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் லைசென்ஸ் உள்ள வீடுகள் சிலதான். ஆனால் அந்த வீடுகளில் விளையாடப் போகும் பிள்ளைகள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள்.

முதலில் என் கதை. எங்கள் நன்னாவிடம் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. தோட்டாக்களை அரிசிப் பானைகளுக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. ஒன்பது வயதில் எனக்கும் என் தம்பிக்கும் அது நன்றாகத் தெரியும். ஒருநாள் ஒரு தோட்டாவை டிரவுசர் பையில் போட்டு மதரஸாவுக்கே கொண்டுபோய்விட்டேன். உஸ்தாத் என்னை அடிக்கவில்லை. அதை வாங்கி வைத்துக்கொண்டு நன்னாவுக்கு ஆள் அனுப்பினார். அன்று மாலையே வீட்டுக்கு இரும்புப் பெட்டி வந்தது.

ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா பகுதியில் குழந்தை மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 8 முதல் 12 வயது வரையுள்ள 64 சிறுவர்களை 29 சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் அறையில் சிறிது நேரம் விட்டார்கள். மேசை இழுப்பறைகளில் தண்ணீர்த் துப்பாக்கிகளோடு, தோட்டா இல்லாத நிஜக் கைத்துப்பாக்கி ஒன்றும் இருந்தது. 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் அதைக் கையில் எடுத்தார்கள். 10 குழுக்களில் யாரோ ஒரு பையன் டிரிகரை அழுத்தியும் பார்த்தான். கண்டுபிடித்த சிறுவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது நிஜமா பொம்மையா என்றே தெரியவில்லை. அதைத் தொட்ட பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், துப்பாக்கி ஆபத்து என்று முன்பே புத்திமதி கேட்டவர்கள்! ஆகவே “எங்க பேரன் சொன்னா கேட்பான்” என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கேட்பான்தான், ஆனால் கையில் எடுத்தும் பார்ப்பான்.

பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்போடு நடப்பவர் அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். சகோதரனை நோக்கி விளையாட்டுக்கும் ஆயுதத்தை நீட்டக் கூடாது, ஷைத்தான் கையை நழுவச் செய்துவிடலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. அங்கே சொல்லப்படும் ஆபத்து கெட்ட எண்ணத்தால் வருவதல்ல, கை தவறுவதால் வருவது. பெரியவர் கைக்கே இந்த எச்சரிக்கை என்றால் ஐந்து வயதுக் கைக்கு என்ன சொல்வது? சின்னப் பிள்ளையின் ஒற்றை விரலுக்கு டிரிகர் கடினமாக இருக்கலாம். அது துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பி இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தும். ரிவால்வரின் ஹாமர் பின்னால் இழுபட்டிருந்தால் அந்தப் பலம்கூடத் தேவையில்லை.

சரி, எப்படி வைப்பது? தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். தோட்டாக்களை வேறொரு இடத்தில், வேறு பூட்டில் வைக்க வேண்டும். சாவி உங்கள் உடம்போடு இருக்கட்டும். பீரோவின் தலையில், குர்ஆன் அலமாரியின் ஓரத்தில், தலையணைக்கு அடியில் எல்லாம் வேண்டாம். நம்பர் பூட்டு என்றால் பேரன் பிறந்த தேதியைப் போடாதீர்கள், அவன் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேகஸினைக் கழற்றிய பிறகும் குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். காலி என்று நம்பித் துடைக்கும்போதுதான் பல விபத்துகள் நடக்கின்றன.

“ராத்திரி திருடன் வந்தா பெட்டியைத் திறந்துக்கிட்டா இருக்க முடியும்?” என்று மாமு கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக்குத் திருடன் ஒருமுறையும் வரவில்லை, பேரப்பிள்ளைகள் வருடம் தவறாமல் வருகிறார்கள். இன்னொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் யோசிக்கிறோம். தேர்வு முடிவு வந்த அன்று கதவைச் சாத்திக்கொள்ளும் பதினாறு வயதுப் பேரனையும் நினைத்துப் பாருங்கள். அவனுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் சாவி கிடைக்காமல் இருப்பதே பெரிய காவல்.

பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் தேங்காயைத் தொங்கவிட்டுச் சுடுவது பயிற்சி அல்ல. மதுரை, கோவை, சென்னையில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. அனுமதி பெற்று அங்கே போய்ப் பழகுங்கள். வீட்டில் வெறுமனே டிரிகர் பழகுவதையும் பிள்ளைகள் இருக்கும் நாளில் செய்யாதீர்கள். தாத்தா செய்வதை அவர்கள் அப்படியே செய்வார்கள். சுட்டுவிட்டு வந்த கையிலும் சட்டையிலும் ஈயத் தூசி இருக்கும். ஒளு மட்டும் போதாது, சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் ஆசை யாருக்காவது இருந்தால், 2019 சட்டத்திருத்தப்படி அதற்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

லைசென்ஸ்தாரர் மௌத்தான வீடுகளில் “அத்தா ஞாபகமா இருக்கட்டும்” என்று துப்பாக்கியை வைத்திருப்பதைக் கேள்விப்படுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வாரிசுகள் தாமதமின்றி அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகு. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். இறப்புச் சான்றிதழையும் பழைய லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.

மாமு போன வாரம் வந்தார். பெட்டி செய்து பொருத்த நாளாகும் என்று ஆசாரி சொல்லிவிட்டாராம். அதனால் லீவு முடியும் வரை ரிவால்வரை ஆயுத வியாபாரியிடம் பாதுகாப்புக்குக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டார். மகள் வியாழக்கிழமை வருகிறாள்.