பறவைகள் காட்டும் பருவங்கள்



புரட்டாசி பிறந்து சில நாட்களில், மாலை ஆறு மணியளவில் பற்றைக்குள் இருந்து ஒரு குருவி சீழ்க்கை அடிக்கும். விடியற்காலையிலும் அதே குரல் கேட்கும். அதனாலேயே நம்மவர்கள் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயரிட்டார்கள். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எனப் பல நிறங்கள் கொண்ட இச்சிறு குருவி இந்தியாவிலிருந்து வந்து, மாரி முழுவதும் நம்மோடு தங்கிச் செல்கிறது. அது கூவினால் மாரி அண்மித்துவிட்டது. விதைநெல்லைப் பார்க்க வேண்டிய நேரமும் வந்துவிட்டது.

இந்தக் குரல் இன்று நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1990 இலும், மீண்டும் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் பல்லாயிரம் குடும்பங்கள் வயலை விட்டு வெளியேற நேர்ந்தது. பலர் பின்னர் மீளக் குடியமர்ந்தார்கள். சிலர் இன்னும் உறவினர் வளவிலோ வேறிடத்திலோ வாழ்கிறார்கள். இழந்த வீட்டையும் மாட்டையும் படிவங்களில் எழுதிக் கொடுத்தோம். ஆனால் வரம்பில் நடந்து தகப்பனிடமிருந்து பிள்ளை கற்கும் பருவ அறிவை எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. முகாமிலும் பட்டணத்திலும் வளர்ந்த பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. அதை மீட்டுக்கொள்ளப் பணம் தேவையில்லை. கண்ணும் காதும் போதும். அதுவே இன்றைய பாடம்.

நமது வாவி

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலப்பதால் மீனும் இறாலும் பெருகுகின்றன. கரையில் கண்டல் மரங்கள், மேற்கே வயல்கள், அதற்கப்பால் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள். பறவைக்கு வேண்டிய உணவும் உறைவிடமும் இங்கே அருகருகே இருக்கின்றன.

மாரிக்கு முன்: ஆவணி முதல் ஐப்பசி வரை

வட நாடுகளில் குளிர் தொடங்க, அங்குள்ள பறவைகள் தெற்கே புறப்படுகின்றன. முதலில் தகைவிலான்கள் வந்து மின்கம்பிகளில் வரிசையாக அமரும். வாவியோரச் சேற்றில் உள்ளான் வகைகள் ஓடி ஓடிக் கொத்தும். இவற்றுட் பல சைபீரியா போன்ற தொலைவான இடங்களிலிருந்து வருபவை. இக்காலத்தில் வயல் உழும்போது உழவு இயந்திரத்தின் பின்னே கொக்குகள் நடப்பதைப் பாருங்கள். மண் புரளும்போது வெளிவரும் புழு பூச்சிகளை அவை பொறுக்கித் தின்கின்றன.

மாரி: கார்த்திகை முதல் தை வரை

குளங்கள் நிரம்ப, தாராக்கூட்டங்கள் இறங்கும். வெள்ளம் வயலை மூடும் ஆண்டுகளில் முகத்துவாரம் வெட்டப்படுவதை நாம் அறிவோம். நீர் வடிந்ததும் வெளிப்படும் சேற்றில் கொக்கும் நாரையும் கூடுவதைக் காணலாம். பயிர் நிற்கும் வயலில் நத்தை கொத்தி நாரையைத் தேடுங்கள். அதன் அலகு முழுவதும் மூடாது. நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்த அலகால் நத்தையின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுத்து உண்ணும்.

அறுவடை முதல் சித்திரை வரை

வெள்ளாமை வெட்டி முடிய, சிந்திய நெல்லைத் தேடிப் புறாக்களும் சிட்டுகளும் வரும். பங்குனியில் வலசை வந்தவை வடக்கே திரும்பத் தொடங்கும். ஆறுமணிக்குருவியின் குரலும் நின்றுவிடும். சித்திரையில் குயில் கூவும். தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுக் கூவுகின்ற கெட்டிக்காரப் பறவை அது.

கச்சான் காலம்: வைகாசி முதல் ஆடி வரை

கச்சான் காற்று வீச, குளங்கள் வற்றும். எஞ்சிய நீரில் மீன்கள் நெருங்குவதால் கூழைக்கடா, நாரை, நீர்க்காகம் அங்கே கூடும். வெளியான நிலத்தில் ஆட்காட்டி வெறும் தரையிலேயே முட்டையிடும். ஆளோ விலங்கோ நெருங்கினால் இரவிலும் கத்தும். யானைக்குக் காவலிருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் நன்கு பழக்கம். நிலவு காயும் அமைதியான இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து, துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறு நுனியில் காதை வையுங்கள். நமது நாட்டுக்குப் பெயர் தந்த பாடும் மீனின் ஓசை கேட்கக்கூடும். அதை மீன் என்பாரும் ஊரி என்பாரும் உண்டு. 1950களில் இயேசு சபைக் குருவானவர் லாங் அடிகளார் அவ்வோசையை ஒலிப்பதிவு செய்தார்.

வயலுக்கு உதவுபவை

ஆந்தையைச் சாக்குருவி என்று கல்லால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நெல்லை அழிக்கும் எலியை இரவிரவாகப் பிடிப்பது அதுவே. வயலில் தென்னை மட்டைகளை நட்டு வைத்தால் ஆந்தை இரவில் அதில் அமர்ந்து எலி பிடிக்கும். பகலில் கரிக்குருவி அமர்ந்து பூச்சி பிடிக்கும். கிருமிநாசினியை அளவுக்கு மீறி அடித்தால் பூச்சியோடு பூச்சி தின்னும் உயிர்களும் அழியும். இன்னுமொன்று: 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நமது பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கிறது. அவற்றை வலை வைத்துப் பிடிப்பதும் சுடுவதும் குற்றமாகும்.

வலசையும் இடப்பெயர்வும்

2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்புறா ஒன்றின் முதுகில் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினர். அது வடதுருவத்தை அண்மித்த ரஷ்யப் பகுதி வரை பறந்து மீண்டும் மன்னாருக்கு வந்ததை அக்கருவி காட்டியது. “பறவையும் நம்மைப் போல இடம்பெயர்கிறது” என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அது சரியல்ல. பறவை தன் காலத்தில் தானே புறப்படுகிறது. திரும்பும் வழி அதற்குத் திறந்திருக்கிறது. நாமோ விரட்டப்பட்டோம். ஆனாலும் பறவையிடம் நாம் கற்க ஒன்று உண்டு. எத்தனை தூரம் சென்றாலும் தன் காலத்தையும் தன் வழியையும் அது மறப்பதில்லை. நாரை தன் பருவத்தை அறிந்திருக்க மக்களோ கர்த்தரின் நியாயத்தை அறியாதிருக்கிறார்களே என்று எரேமியா தீர்க்கதரிசி வருந்தினார் (எரேமியா 8:7). காணி கைக்கு வரும் நாளில் அதில் எப்போது விதைப்பது என்று தெரிந்த பிள்ளையும் நமக்கு வேண்டும்.

செய்து பார்ப்போம்

1. ஒரு பழைய கொப்பியை எடுத்துத் தமிழ் மாதங்களைப் பக்கத்துக்கு ஒன்றாக எழுதுங்கள்.
2. கிழமைக்கு ஒருமுறை, காலையில் அரை மணி நேரம், பிள்ளைகளோடு ஒரே இடத்தில் அமைதியாக இருங்கள். வளவிலுள்ள வேப்பமரத்தடியும் போதும்.
3. கண்ட பறவை, அது செய்த வேலை, அன்றைய காற்று, மழை ஆகியவற்றைக் குறியுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள்.
4. அப்பப்பா, அம்மம்மா ஆகியோரிடம் அப்பறவைக்கு ஊரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள்.
5. கூட்டையும் முட்டையையும் தொடாதீர்கள்.

கலந்துரையாடுவோம்

1. நமது சொந்த ஊரில் கண்டு, இப்போதிருக்கும் இடத்தில் காணாத பறவைகள் எவை?
2. மாரி வருவதை நமது பெரியவர்கள் எந்தெந்த அடையாளங்களால் அறிந்தார்கள்?
3. அவற்றுள் எவற்றை நமது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?