தார்ச் சாலைக்கும் மூப்பு உண்டு

புதிய தார்ச் சாலை கன்னங்கரேலென்று இருக்கிறது. சில ஆண்டுகளில் வெளுத்து, விரிசல் விடுகிறது. ஏன்? நாம் 'தார்' என்று சொல்வது, பெட்ரோலியத்தைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சும் நிலக்கீல். அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் மெல்லச் சேர்ந்து இறுகுகிறது. வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது.

நிலக்கீல் எவ்வளவு காலம் தாங்கும் என்று அறியப் பத்தாண்டு காத்திருக்க முடியுமா? ஆகவே ஆய்வுக்கூடத்தில் அதற்கு மூப்பை வரவழைக்கிறார்கள். முதலில், கண்ணாடிப் புட்டிக்கு 35 கிராம் வீதம் ஊற்றி, 163 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 85 நிமிடம் சுழற்றுகிறார்கள். புட்டிகளுக்குள் காற்றும் வீசப்படும். சூடான ஜல்லியோடு கலக்கும்போது ஏற்படும் இறுக்கத்துக்கு இது ஈடாகும்.

அடுத்து, பல ஆண்டு மூப்பு. வெப்பத்தை மேலும் ஏற்றினால் போதாதா? போதாது. மிகுந்த வெப்பத்தில், சாலையில் நடக்காத வேதிவினைகள் நடந்துவிடும். எனவே அதே நிலக்கீலைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 90 முதல் 110 டிகிரி வெப்பத்தில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 20 மடங்கு காற்றழுத்தத்தில், 20 மணி நேரம் வைக்கிறார்கள். அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய சாலை ஆராய்ச்சித் திட்டம் தந்த முறை இது.

பின்னர் அதைக் குளிரவைத்து வளைத்துப் பார்த்தால், விரிசல் விடுமா என்பது புலப்படும். ஆனால் வெயிலும் மழையும் அக்கலத்துக்குள் இல்லை. அதனால்தான் பழைய சாலையில் வெட்டியெடுத்த துண்டுகளையும் சோதித்து ஒப்பிடுகிறார்கள்.