கூடமும் கோணல்தான்! – மலிவு கிதாரைச் செப்பனிடும் முறை

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் நாட்டுப் பழமொழி. தன் குறையை மறைக்கப் பிறவற்றின்மேல் பழி போடுவோரைச் சுட்ட எழுந்தது அது. பழமொழி பொய்யன்று. ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால்? ஆடுபவள் தன் காலையே நொந்துகொண்டு சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டால், அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு மின்-கிதார். காட்கோபரில் ஒருவர் பயன்படுத்தி விற்றதை ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று மாதத்தில் விரல் நுனிகள் காய்த்தன. இசை மட்டும் வரவில்லை. ‘எஃப் மேஜர்’ என்னும் சுரக்கூட்டைப் பிடித்தால் ஆறு தந்திகளில் இரண்டு ஊமையாகும். எஞ்சியவை அபசுரம் பேசும். பிக்கப்பை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று யாரோ சொல்ல, கருவியின் விலையில் பாதியைக் கொடுத்து அதையும் மாற்றினேன். அபசுரம் இப்போது தெளிவாகக் கேட்டது, அவ்வளவே. பொய்யை உரக்கச் சொன்னால் மெய்யாகிவிடுமா? வீட்டார் மேற்சொன்ன பழமொழியைச் சொன்னார்கள். நானும் நம்பினேன். கிதார் பரணுக்குப் போயிற்று.

ஆறு மாதம் கழித்து அதைக் கீழே இறக்கவைத்தவர் எதிர்வீட்டு மாமி. வீணை வாசிப்பவர், கிதாரை அதற்குமுன் தொட்டறியாதவர். மடியில் கிடத்தி, முதல் மெட்டில் ஒரு விரலை அழுத்திப் பார்த்தார். “உன் விரல்லே தோஷம் இல்லைடா. மேரு ஒசந்திருக்கு. யார் வாசிச்சாலும் சுருதி ஏறிண்டுதான் போகும்” என்றார். அந்த ஒரு சொல்லிலிருந்து நான் கற்றுக்கொண்டதே இக்கட்டுரை. நம் விடுதிக் கட்டில்களின் அடியிலும் கிதார்கள் சில உறங்குகின்றன என்பதை நான் அறிவேன். அவற்றை மனத்திற்கொண்டே எழுதுகிறேன்.

முதல் விதி

தம்புராவின் குதிரைமேல், தந்திக்கு அடியில், ஒரு பருத்தி நூலைச் செருகுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஜீவா என்று அதற்குப் பெயர். அந்த நூலை மயிரிழை நகர்த்தினால் தம்புராவின் குரலே மாறிவிடுகிறது. மரம் மாறவில்லை, தந்தி மாறவில்லை, தந்தி தொடும் இடம் ஒன்றே மாறியது.

மின்-கிதாருக்கும் இதுவே விதி. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பியுமே. எஃகுத் தந்தி அதிரும்போது, 1831-இல் பாரடே கண்ட விதிப்படி, கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. தந்தி ஒழுங்காக அதிர்ந்தால் ஒழுங்கான மின்னோட்டம். தடுமாறி அதிர்ந்தால் தடுமாற்றமே வெளிவரும். ஆகவே செலவுக்கு முன் செப்பம். மின்பகுதிக்கு முன் தந்தி தொடும் இடங்கள். இவ்வரிசையை மாற்றியதே நான் செய்த பிழை.

தந்தி

பம்பாய் மழைக்காலமும் நம் வியர்வையும் எஃகுக்குப் பகை. துருவேறிய தந்தி ஒரே சீராக அதிராது. அதில் எந்தச் சுருதியும் நிலைக்காது. சில நூறு ரூபாயில் புதுத் தந்திகள் கிடைக்கும். தொடங்குவோர் 0.009 அங்குலம் முதல் 0.042 அங்குலம் வரையுள்ள மெல்லிய தொகுதியைக் கொள்க. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதற்குச் செலவே இல்லை.

கழுத்து

புதுத் தந்திகளைச் சுருதி சேர்த்தபின், ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். நடுவே, ஏழாம் எட்டாம் மெட்டுகளின் அருகில், தந்திக்கும் மெட்டுக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர் அளவு இடைவெளி வேண்டும். இரண்டு எழுதுதாள்களின் கனம் என்று கொள்ளலாம். மிகுதியானால் கழுத்து முன்வளைந்துள்ளது. சிறிதும் இல்லையானால் பின்வளைந்துள்ளது. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற எஃகுக் கம்பியை ஆலன் சாவியால் இறுக்கினால் முன்வளைவு குறையும், தளர்த்தினால் கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றே திருப்புக. மரம் ஈரத்தை உறிஞ்சுவதும் விடுவதும் இயல்பாதலால், மழை தொடங்கும்போதும் ஓய்ந்தபின்பும் இதைச் சோதிப்பது நல்லது.

மேரு

தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு பாலமே மேரு. மலிவுக் கருவிகளில் இது பெரும்பாலும் பிளாஸ்டிக். பள்ளங்கள் ஆழம் போதாமல் வெட்டப்பட்டிருக்கும். மூன்றாம் மெட்டில் தந்தியை அழுத்தி, முதல் மெட்டின்மேல் பாருங்கள். மயிரிழை இடைவெளியே இருக்கவேண்டும். மிகுந்தால், முதல் மெட்டுகளில் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும், விரலும் நோகும். தொடக்க மாணவர் பிடிக்கும் சுரக்கூட்டுகள் எல்லாம் அந்த முதல் மூன்று மெட்டுகளில்தானே உள்ளன! அனுபவசாலி வருந்தாத இடத்தில் புதியவர் வருந்துவது இதனால்தான்.

பள்ளத்தை மெல்லிய அரத்தால் சிறுகச் சிறுக ஆழமாக்கலாம். அளவு மீறினால் தந்தி முதல் மெட்டில் இடித்து இரையும். மேருவையே மாற்ற நேரும். கை நடுங்குவோர் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து, எலும்பால் செய்த மேருவைப் பொருத்திக்கொள்க. தந்தி பள்ளத்தில் சிக்கிச் சுருதி வழுவினால், பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தாலே பாதி நோய் தீரும். பிரடைகள்மேல் பழி போடுமுன் இதைச் செய்து பாருங்கள்.

மெட்டுகள்

நேர்விளிம்புள்ள சிறு தகடு ஒன்றை மூன்று மெட்டுகளின்மேல் வையுங்கள். பழைய வங்கி அட்டைகூடப் போதும். அது ஊஞ்சல்போல் ஆடினால் நடு மெட்டு உயர்ந்துள்ளது. உயர்ந்த மெட்டை அடித்து அமர்த்துவதும், எல்லாவற்றையும் ஒரே மட்டமாக அராவுவதும் கைதேர்ந்தவர் வேலை. ஓரங்களில் கையைக் கீறும் முனைகளை மழுக்குவதும், மெட்டுகளைப் பளபளக்கத் தேய்ப்பதும் நாமே செய்யத்தக்கவை. மரப்பலகையை ஒட்டுத்தாளால் மூடிக்கொண்டு செய்க.

நம் இசையை வாசிக்க விரும்புவோர்க்கு இது இன்றியமையாதது. கமகத்துக்காகத் தந்தியை இழுத்தும் வழுக்கியும் செல்லும்போது சொரசொரத்த மெட்டு ஒவ்வோர் அசைவிலும் உறுமும். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற் பொறியியல் பயின்ற பிரசன்னா, மின்-கிதாரில் கருநாடக இசையை வாசித்துக் காட்டியவர். அவர் வாசிப்பைக் கேட்டால், மெட்டு வைத்த இக்கருவியிலும் கமகம் குழைந்து வரும் என்பது விளங்கும்.

குதிரை

பன்னிரண்டாம் மெட்டில், தடித்த தந்திக்கு 2 மில்லிமீட்டரும் மெல்லிய தந்திக்கு 1.5 மில்லிமீட்டரும் உயரம் இருக்குமாறு குதிரையின் திருகுகளை அமைக்க. அடுத்தது சுருதிச் சீரமைப்பு. வீணையில் மெழுகை இளக்கி மெட்டுகளையே நகர்த்திப் பதிக்கலாம். கிதாரில் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை, நகராதவை. 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிதாரில் முதல் மெட்டு மேருவிலிருந்து 36.4 மில்லிமீட்டரிலும், பன்னிரண்டாவது சரிபாதியான 324 மில்லிமீட்டரிலும் அமையும். அழுத்தும்போது தந்தி சிறிது இழுபடுவதால், அதை ஈடுசெய்யக் குதிரைப் பக்கத்தில் நீளம் சற்றுக் கூடவேண்டும்.

சோதனை எளிது. பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தியை விரலால் பட்டும் படாமலும் தொட்டு மீட்டுக; பிறகு அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒன்றாக ஒலிக்கவேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரைத் துண்டைப் பின்னுக்குத் தள்ளுக; இறங்கியிருந்தால் முன்னுக்குக் கொணர்க. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இதற்குப் போதும்.

மின்பகுதி

இதன்பிறகே மின்பகுதி. ‘கரகர’ என்னும் வால்யூம் குமிழுக்குச் சுத்தம் செய்யும் திரவத்தைத் தெளித்துப் பலமுறை திருப்பினால் போதும். இரைச்சல் கேட்டால் தந்தியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் குறைந்தால், உள்ளறையைச் செம்புத் தகட்டுத் தாளால் போர்த்தி, அத்தாளை நில இணைப்புடன் பற்றவைக்க வேண்டும். ஆனால் நம் 50 சுழற்சி மின்சாரத்தின் காந்தப்புலத்தால் வரும் முனகல் தகட்டுக்கு அடங்காது. அதற்காகவே கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் இரட்டைச் சுருள் கொண்ட ‘ஹம்பக்கர்’ பிக்கப்பை உருவாக்கினார். இரு சுருள்களும் முனகலை எதிரெதிராகப் பெற்று அழிக்கும். இசையை ஒன்றாகக் கூட்டும். அதைப் பொருத்தினால் 500 கிலோ ஓம் குமிழ்களும், ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் குமிழ்களும் பொருந்தும். காட்கோபரிலிருந்து தாதர் சென்று, மேற்கு ரயிலுக்கு மாறி, கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் சாலை. குமிழ், கம்பி, பற்றவைக்கும் கருவி எல்லாம் அங்கே உண்டு. தந்திக்கும் மேருவுக்கும் தோபி தலாவ் இசைக்கடைகள்.

ஓர் எச்சரிக்கை. கிதாரின் தந்திகள் ஒலிபெருக்கியின் நில இணைப்போடு சேர்ந்தவை. 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில், கிதாரை ஏந்தியவாறே நில இணைப்புப் பழுதான ஒலிவாங்கியைத் தொட்ட லெஸ் ஹார்வி என்னும் இளங்கலைஞர் மின்தாக்குண்டு இறந்தார். மூன்று முள் செருகியின் ஒரு முள்ளை ஒடித்து இரண்டு முள் துளையில் செருகும் நம் விடுதி வழக்கத்தை இன்றே விடுவோம். ஒலிபெருக்கியின் உட்பகுதியைத் திறக்கவே வேண்டா.

முடிவாக

விலைதான் இசை என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 1963-இல் பிரையன் மே என்னும் லண்டன் சிறுவன் கிதார் வாங்கப் பணமின்றித் தந்தையோடு சேர்ந்து தானே ஒன்றைச் செய்யத் தொடங்கினான். பழைய கணப்படுப்பின் மரம் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்விற்கள் உள்ளே அமர்ந்தன. தாயின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் மெட்டு அடையாளங்களாயின. ‘குவீன்’ குழுவின் புகழ்பெற்ற இசை அக்கருவியில் பிறந்தது. 2002-இல் அது பக்கிங்காம் அரண்மனைக் கூரைமேலும் ஒலித்தது.

என் கிதார் அரண்மனை ஏறவில்லை, பரணிலிருந்து இறங்கியது. மேருவுக்கும் தந்திக்கும் ஆயிரம் ரூபாய்க்குள்தான் செலவு. ‘எஃப் மேஜர்’ அன்றே வந்துவிடவில்லை. மேலும் இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் அந்த இரண்டு மாதமும் பிழை நேர்ந்தபோதெல்லாம் அது என் பிழை என்று உறுதியாக அறிந்தேன், அறிந்ததால் திருத்தினேன். கோணலான கூடத்தில் பயில்பவனுக்குக் கிட்டாத பேறு அதுவே. ஆகவே நண்பர்களே, விரலை நோகுமுன் கூடத்தை அளந்து பாருங்கள். அளந்து நிமிர்த்திய பிறகு, பழமொழிக்கு அஞ்சி ஆடுங்கள்!