கிரேயான்கள் எழுதிய கடிதங்கள்

சிரிக்கவைத்தே சிந்திக்கத் தூண்டும் சிறுவர் நூல் ஒன்றை இங்குக் காண்போம். ட்ரூ டேவால்ட் எழுத, ஆலிவர் ஜெஃபர்ஸ் படம் வரைய, 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த நூல் 'தி டே தி கிரேயான்ஸ் க்விட்'.

டங்கன் என்னும் சிறுவன் வகுப்பில் தன் கிரேயான்களைத் தேடுகிறான். கிடைப்பதோ ஒரு கட்டுக் கடிதங்கள்! சிவப்புக்குப் பண்டிகை நாளிலும் ஓய்வில்லையாம். நீலம் தேய்ந்து கட்டையாகிவிட்டதாம். கறுப்புக்கு ஓரக்கோடு போடும் வேலை மட்டுந்தானாம். கதிரவனின் உண்மை நிறம் எது என்னும் சண்டையில் மஞ்சளும் ஆரஞ்சும் பேசிக்கொள்வதே இல்லையாம். மேல்தாள் உரிக்கப்பட்ட ஒரு கிரேயானோ வெட்கத்தால் பெட்டியை விட்டு வெளிவர மறுக்கிறது! பச்சைக்கு மட்டும் குறையொன்றுமில்லை.

இளஞ்சிவப்பின் கடிதத்தில் நம் சிரிப்பு சற்றே நின்றுவிடுகிறது. 'பெண்பிள்ளைகளின் நிறம்' என்று டங்கன் அதைத் தொடுவதே அரிது. டைனோசருக்கு என்னைத் தீட்டினால் ஆகாதா என்று அது கேட்கிறது.

டங்கன் எல்லாக் கடிதங்களையும் படித்துவிட்டுப் புதிய படம் வரைகிறான். அதில் திமிங்கலம் ஆரஞ்சு, வானவில் கறுப்பு, டைனோசர் இளஞ்சிவப்பு! ஆசிரியையின் பாராட்டும் கிடைக்கிறது.

இந்த நிறத்துக்கு இந்த வேலை என்று வகுத்தது பழக்கமே. இந்தப் படிப்பும் தொழிலும் பெண்களுக்கு ஏற்றவையல்ல என்பதும் அத்தகைய பழக்கந்தான். அன்புத் தோழியரே, இளஞ்சிவப்பைப் போல் நாமும் பணிவோடு, ஆனால் தெளிவாக, 'ஏன் ஆகாது?' என்று கேட்கப் பழகுவோம். டங்கனைப் போல் பிறர் குறையைக் கேட்கவும் பழகுவோம்.