அச்சேறிய பொய்

கேள்வி: ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை பொய்யென்று பின்னால் தெரிந்தால் அதை அழித்துவிடுவார்களா?

பதில்: அழிப்பதில்லை, அழிக்கவும் கூடாது. சின்னப் பிழையென்றால் திருத்தக் குறிப்பு போடுவார்கள். அடிப்படையே ஆட்டம் கண்டால் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடு கட்டுரை அங்கேயே கிடக்கும். அதை மேற்கோள் காட்டியவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

துப்பறிவது பெரும்பாலும் இதழின் வேலை அல்ல; ஆய்வாளரின் நிறுவனத்தைத்தான் விசாரிக்கச் சொல்லும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹென்ட்ரிக் ஷோன் என்றொரு இயற்பியலாளர். நோபல் பரிசுக்கே அவர் பெயர் அடிபட்டது. வெவ்வேறு சோதனைகள் என்று அவர் காட்டிய வரைபடங்களில் ஒரே இரைச்சல் (அளவீட்டில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம்), புள்ளி பிசகாமல்! கண்டுபிடித்தவர்கள் சக இயற்பியலாளர்கள்; அச்சுக்கு முன் படித்த மதிப்பீட்டாளர்கள் அல்ல. ஆய்வகம் அமைத்த குழு 2002 செப்டம்பரில் மோசடியை உறுதிசெய்தது, வேலை போயிற்று. அதே ஆண்டு சயன்ஸ் இதழ் 8 கட்டுரைகளையும், 2003இல் நேச்சர் 7 கட்டுரைகளையும் திரும்பப் பெற்றன.

இது மின்னல் வேகம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரின் 1998 கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல்தான். அதற்குள் எத்தனையோ பெற்றோர் ஊசியே வேண்டாமென்று ஒதுங்கிவிட்டார்கள். தம் பெயர் கெடுமே என்று இதழ்கள் தயங்குவதுதான் இத்தகைய தாமதங்களுக்குப் பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.