கருவாடு கனடா போகட்டும்

கேள்வி: ரொறொன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்குப் பேசாலைக் கருவாடும் பனங்கட்டியும் அனுப்ப வேணும். மணம் வெளியே வராமல் எப்படிக் கட்டுவது?
– வாசகி, மன்னார்

பதில்: மணத்தை விட ஈரம்தான் உங்கள் எதிரி. மன்னார்க் கடற்காற்றில் உப்புக் கருவாடு மறுபடி நமத்துவிடும். அனுப்பும் நாளுக்கு முன் நல்ல வெயிலில் ஒருதரம் காயவிட்டு, சூடு முழுக்க ஆறிய பிறகே கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் பைக்குள் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். முள்ளும் செட்டையும் பொலித்தீனைக் குத்தும்; அதனால் முதலில் தடித்த கடதாசியில் சுற்றி, பிறகு காற்றை உறிஞ்சி ஒட்டும் பையில் இரண்டு தரம் போடுங்கள். மணம் அங்கேயே அடங்கிவிடும்.

பனங்கட்டியைக் குட்டானோடு தனிப் பையில், காற்றுப் புகாமல் வையுங்கள்; ஈரம் பட்டால் இளகி ஓடும். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. இடைவெளியைப் பழைய துணியால் அடையுங்கள், தங்கச்சிக்கு அதுவும் உதவும்!

சுங்கப் படிவத்தில் 'உலர்ந்த மீன்' என்று ஆங்கிலத்தில் எடையோடு எழுதுங்கள். வெறுமனே 'அன்பளிப்பு' என்றால் பிரித்துப் பார்ப்பார்கள். சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை மீனைக் கனடா அனுமதிக்கிறது, பேத்தை மீனைத் தவிர. தபால் கந்தோரில் பார்த்த பிறகே பெட்டியை ஒட்டுங்கள். உள்ளேயும் ஒரு முகவரித் துண்டு போட மறக்காதீர்கள்.