கூப்பிடு தூரத்தில் யார் இருக்கிறார்கள்?

என் அம்மாவுக்கு 81 வயது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பட்டுக்கோட்டையில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகு கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொல்லி நானும், பெங்களூருக்கு வரச் சொல்லித் தம்பியும் மாறி மாறிக் கேட்டோம். "இங்க கதவைத் திறந்தா நாலு பேரு டீச்சரம்மான்னு கூப்பிடுறாங்க. அங்க வந்தா நான் யாரு?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. அவர் அங்கேயே இருக்கட்டும், அதற்கு என்னென்ன தேவையோ அதைத் தேடுவோம் என்று முடிவு செய்தோம். தேடியதில் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் தேட வேண்டியது சேவையை அல்ல, தேவையை. அம்மாவுடன் உட்கார்ந்து காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எதெது சிரமமாக இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து நோட்டில் எழுதினேன். மருந்து, டாக்டர் என்றெல்லாம் வரும் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. சிலிண்டர் மாற்றுவது. ரேஷன் அரிசியைத் தூக்கி வருவது. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுவது. பேங்க்கில் வரிசையில் நிற்பது. வெயில் ஏறிய பிறகு அடுப்படியில் நிற்பது. இதில் ஒன்றுக்குக்கூட 'முதியோர் சேவை' என்று யாரும் போர்டு வைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். அநேகமாக எல்லோரும் ஏற்கெனவே அந்தத் தெருவுக்கு வந்து போகிறவர்கள்தான்.

தபால்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அம்மா வட்டாரத்தில் அதை மஸ்டரிங் என்பார்கள். இதற்காக ஆட்டோ பிடித்துக் கருவூலத்துக்குப் போய், வெயிலில் காத்திருந்து, மயங்கி விழுந்தவர்களை அம்மாவுக்குத் தெரியும். இப்போது இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து மின்னணு வாழ்நாள் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறார். கட்டணம் 70 ரூபாய். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.) எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி ஆகியவற்றைத் தயாராக வைத்திருந்தால் போதும். வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து கருவியில் பதியாமல் போவது உண்டு. அப்போது முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் வசதி 2021-லிருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டம் ஏழைகளுக்கு மட்டும்தான் என்று பென்ஷன் வாங்குகிற பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் வீட்டிலேயே சோதித்து மாத்திரை கொடுப்பதோடு இது முடிவதில்லை. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருகிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியர் வருகிறார். வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான பைகளும் வீட்டுக்கு வருகின்றன. அம்மா முழங்கால் வலியால் வாசற்படி இறங்கத் தயங்கிய நாட்களில், தனியார் பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைக்க என்ன செலவாகும் என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்காதான், "ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி வையேன், அவங்களே வருவாங்க" என்றார். வந்தார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சிகளை அம்மா இன்றும் விடாமல் செய்கிறார்.

எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது வருகிற பெண்தான். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வரும் தன்னார்வலர் அவர். அதே ஊர்க்காரர். பிரஷர் பார்க்கும்போதே, "டீச்சரம்மா, கால் ஏன் வீங்கியிருக்கு? சாப்பிட்டீங்களா இல்லையா?" என்று கேட்கிறார். முகம் வாடியிருந்தால் எனக்குப் போன் செய்கிறார். அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்வதும், பண்டிகைக்குப் பண்டிகை நாமாக அழைத்து இரண்டு வார்த்தை பேசுவதும் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை.

ரேஷனுக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், அட்டையில் 70 வயதைக் கடந்தவர்கள் மட்டுமே இருக்கும் குடும்பங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருட்களை வீட்டுக்கே கொண்டுவந்து தர ஏற்பாடு செய்தார்கள். அம்மாவின் அட்டையில் அவர் பெயர் மட்டும்தான். பல வீடுகளில் வெளியூரில் குடியிருக்கும் மகன் பெயர் இன்னும் பெற்றோர் அட்டையிலேயே கிடக்கும். அதைச் சரிசெய்த பிறகு கடையில் விசாரியுங்கள். எது தெரியாவிட்டாலும் ரேஷன் கடைக்காரரிடம் கேளுங்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்த அளவு தாலுகா ஆபீஸுக்குத் தெரியாது.

வங்கியில் கொஞ்சம் அழுத்திக் கேட்க வேண்டியிருக்கும். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, வாங்குவது, படிவம் பெறுவது போன்ற சேவைகளைச் செய்ய வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. கவுண்டரில் வாயால் கேட்டால் "ஆள் இல்லை" என்று பதில் வரும். மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டால் பதிலின் தொனியே மாறுகிறது. வங்கி பற்றிப் பேசும்போதே ஒன்று. போலீஸ், சுங்கத்துறை என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டி, 'டிஜிட்டல் கைது' என்று முதியவர்களிடம் சேமிப்பைப் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. அம்மாவின் போனுக்குப் பக்கத்துச் சுவரில் 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய எண் அது.

சாப்பாடுதான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. மூன்று வேளைக்கும் கேரியர் ஏற்பாடு செய்துவிடலாம் என்றான் தம்பி. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. காலையில் தானே ரெண்டு இட்லி ஊற்றுவதும், சாயங்காலம் தன் கையால் காபி போடுவதும் அவருக்கு நாளின் இரண்டு முளைக்குச்சிகள். அதைப் பிடுங்கிவிட்டு என்ன சேவை? பக்கத்துத் தெருவில் கேரியர் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ஒரு அம்மாவிடம் மதியத்துக்கு மட்டும் சொன்னோம். உப்பும் புளியும் குறைவாக, காய் ஒரு பங்கு கூடுதலாக. மாத முடிவில் பணத்தை அம்மாவே கொடுக்கிறார். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டோம்: உதவிக்கு வருகிற எல்லோருக்கும் கூலியை அவர் கையால்தான் கொடுக்க வேண்டும், வேலையையும் அவர்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வெளியூரிலிருந்து ஜி-பேயில் அனுப்பினால், வருகிறவர் பிள்ளைகளுக்குத்தான் பதில் சொல்வார். வீட்டிலிருக்கும் மனுஷி பராமரிக்கப்படும் பொருளாகிவிடுவார். சமைப்பதோ பூப்பறிப்பதோ, அவர்களால் இன்னும் செய்ய முடிகிற எதையும் அக்கறையின் பேரில் அவர்கள் கையிலிருந்து வாங்காதீர்கள்.

பால்காரத் தம்பிக்கு ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறோம். வாசல் பையில் முதல் நாள் போட்ட பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தால் மணி அடிக்க வேண்டும். கதவு திறக்காவிட்டால் எதிர்வீட்டு அக்காவை எழுப்ப வேண்டும். சாவி ஒன்று அக்காவிடம் இருக்கிறது. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டுப் போட்டோம். இதைத் தயவுசெய்து செய்யுங்கள். உள்ளே விழுந்து கிடப்பவரை அடைய கதவை உடைக்க வேண்டிவந்தால், அதில் போகும் நேரம் கொடுமையானது. 108-ஐ அழைத்தால் வழி கேட்பார்கள். பதற்றத்தில் யாருக்கும் சொல்ல வராது. தெருப் பெயர், அடையாளக் கடை, ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டோம்.

விழாமல் இருக்க வீட்டிலும் கொஞ்சம் கைவைத்தோம். கழிவறைச் சுவரில் பிடிமானக் கம்பி, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, மிதியடிகளை எடுத்துவிடுவது. பெரிய செலவில்லை.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு சில வாரங்கள் பகல் நேரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. வேறு ஊரிலிருந்து இயங்கும் ஒரு ஏஜென்சி மூலம் ஏற்பாடு செய்தோம். வாரத்துக்கு ஒரு முகம் மாறியது. ஒவ்வொரு முறையும் மாத்திரை எங்கே, வெந்நீர் எப்படி என்று அம்மாவே பாடம் எடுக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து, பேசும்போதே இவற்றைக் கேட்டுவிடுகிறேன். நாம் கொடுப்பதில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது? குறைவாகப் போனால் அவர் நிலைக்க மாட்டார். லீவு போட்டால் யார் வருவார்? சமையல் செய்வாரா, நோயாளியை மட்டும் பார்ப்பாரா? ஆதார் நகல் கொடுப்பார்களா? முன்பணம் கட்டியபின் பிடிக்காமல் போனால் திரும்பக் கிடைக்குமா? எழுத்தில் தராத எந்த உறுதியையும் நம்ப வேண்டாம். கடைசியில் எங்களுக்கு அமைந்தவர் அம்மாவின் பழைய மாணவி ஒருவருடைய அண்ணி. நகராட்சிப் பள்ளியில் பாடம் எடுத்தவர்களுக்கு ஊரெங்கும் இப்படி உறவு இருக்கும். ஓய்வூதியர் சங்கத்தில் கேளுங்கள், கோயிலில் கேளுங்கள், மருந்துக் கடையில் கேளுங்கள்.

காவல் நிலையத்தை நினைத்தாலே நம் ஆட்களுக்குத் தயக்கம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2009-இல் வந்தன. தனியாக வசிக்கும் முதியவர்களின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். அம்மாவின் விவரத்தை நாங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிள்ளைகளே கவனிக்காமல் விடும்போது பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவைக்க நினைக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பின்னால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க நேர்ந்தால் பற்றிக்கொள்ள அந்த வரி வேண்டும்.

யாரிடம் கேட்பதென்றே தெரியாதபோது 14567. எல்டர் லைன் என்ற தேசிய உதவி எண் இது. காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிவரை தமிழிலேயே பேசலாம். பென்ஷன் சந்தேகம், சட்ட வழிகாட்டல், அடி உதை, ஆதரவில்லாமல் தெருவில் கிடப்பவர்களுக்கு மீட்பு, மனம் விட்டுப் பேச ஒரு காது என எல்லாவற்றுக்கும் அழைக்கலாம். முதியவர்கள்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. தூரத்திலிருக்கும் மகளும் அழைக்கலாம்.

நினைவு தடுமாறத் தொடங்கினால் மேலே சொன்னதில் பாதி செல்லாது. அடுப்பை அணைக்க மறப்பவரை இந்த ஏற்பாடுகளை நம்பித் தனியே விடக்கூடாது. அதை வயதின் மறதி என்று தள்ளிப்போடாமல் முதியோர் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தத் துறைக்கு இந்தியாவில் வழி திறந்ததே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், 1978-இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கிய புறநோயாளிகள் பிரிவுதான். 2024-லிருந்து கிண்டியில் முதியோருக்கென்றே தனி தேசிய மருத்துவமனையும் இயங்குகிறது. மறதி நோய்க்குச் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பும் தனியாக மையம் நடத்துகிறது.

அம்மா விஷயத்தில் மிச்சமிருந்தது இரவு. பகலெல்லாம் யாராவது வந்துபோகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பெரிய வீட்டில் அவர் மட்டும். மாடிப் போர்ஷன் பூட்டியே கிடந்தது. நல்ல வாடகை தருவதாகக் கடைக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தராமல், அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தோம். அவர்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. அது அவர்கள் தலையில் கட்டும் வேலையில்லை. அம்மாவின் கட்டிலருகே ஒரு அழைப்பு மணி பொத்தானும் மாடியில் அதன் மணியும் வைக்கச் சம்மதமா என்று மட்டும் கேட்டோம். இரவு டியூட்டி இருக்கும் நாட்களில் அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அன்று எதிர்வீட்டு அக்காவின் மகள் வந்து படுத்துக்கொள்கிறாள். மாடி காலியாக இருக்கும் வீடுகளில் பெற்றோர் தனியாக இருந்தால், வாடகையில் ஓரிரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இப்படி ஒரு குடித்தனம் வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பெற்றோர் பேரிலேயே போடுங்கள்.